பட்டாளம் அடித்த காசு

நாணயச் சேகரிப்பைப் பற்றிக் கேள்வி அனுப்புங்கள் என்று கேட்டிருந்தோம். வந்தவற்றில் பல, ராணுவ ஆட்சிக் காலத்துக் காசையும் நோட்டையும் பற்றியவை. எனவே இந்த முறை முழுப் பக்கமும் அதற்கே.

கே: என் மாமா கப்பலில் வேலை பார்த்தவர். அவர் விட்டுப்போன டப்பாவில் ஒரு கிரேக்கக் காசு. ஒரு பக்கம் ஓர் ஆணின் தலை. மறுபக்கம் சிறகு விரித்த பறவை, அதன் முன்னால் துப்பாக்கியோடு ஒரு சிப்பாய். என்ன காசு இது?
– கல்லூரி மாணவர், உத்திரமேரூர்

ப: நல்ல காசு கிடைத்திருக்கிறது உங்களுக்கு. 1967 ஏப்ரல் 21 விடிவதற்குள் ஏதென்ஸ் நகரத் தெருக்களில் டாங்கிகளை நிறுத்தி, கிரேக்க ஆட்சியைச் சில கர்னல்கள் பிடித்துக்கொண்டார்கள். தலைவர் கியோர்கியோஸ் பாபடோபூலோஸ். பறவையும் சிப்பாயும் அவர்களுடைய ஆட்சிச் சின்னம். தலை, மன்னர் இரண்டாம் கான்ஸ்டன்டைனுடையது. சுற்றிலும் உள்ள கிரேக்க எழுத்து அவரை 'கிரேக்கர்களின் மன்னர்' என்கிறது.

இப்போது ஆண்டைப் பாருங்கள். 1971 அல்லது 1973 என்று இருக்கும். மன்னரோ 1967 டிசம்பரிலேயே கர்னல்களைக் கவிழ்க்கப் பார்த்து, முடியாமல், குடும்பத்தோடு ரோம் நகருக்குப் போய்விட்டார். நாட்டில் இல்லாத மன்னரின் தலை ஒரு பக்கம். அவரை விரட்டிய பட்டாளம் மறுபக்கம். இருவரையும் ஒரே உலோகத்தில் முதுகோடு முதுகாக ஒட்டி வைத்த காசு அது. பத்திரமாக வையுங்கள்.

கே: அது என்ன பறவை? கருடனா?
– பள்ளி மாணவி, திருப்புலிவனம்

ப: இல்லை பாப்பா, பீனிக்ஸ். எரிந்த சாம்பலிலிருந்து மறுபடி பிறக்கும் என்று கிரேக்கர்கள் சொல்லும் கற்பனைப் பறவை. துருக்கியரிடமிருந்து விடுதலை பெற்றபோது, 1828-ல் கபோடிஸ்ட்ரியாஸ் தலைமையிலான அரசு வெளியிட்ட முதல் நாணயத்தின் பெயரே பீனிக்ஸ். சில ஆண்டுகளில் டிராக்மா வந்து அதன் இடத்தைப் பிடித்தது. விடுதலைப் போராட்டத்துக்குச் சொந்தமான அந்தப் பறவையைத்தான் கர்னல்கள் எடுத்து, முன்னால் தங்கள் சிப்பாயை நிறுத்திக்கொண்டார்கள். மக்கள் மதிக்கும் சின்னத்தைத் தன் வீட்டுச் சொத்தாக்கிக்கொள்வது துப்பாக்கியால் வந்த ஆட்சிகளின் வழக்கம்.

கே: 1973 என்று ஆண்டு போட்ட கிரேக்கக் காசு இரண்டு விதமாக இருக்கிறதே. ஒன்று போலியா?
– நாணயம் சேர்க்கும் ஆசிரியர், காஞ்சிபுரம்

ப: இரண்டும் அசல். அந்த ஆண்டின் கதையே இந்த இரண்டு காசுக்கும் நடுவில் இருக்கிறது. இரண்டையும் மேசைமேல் அருகருகே வையுங்கள். முதல் காசில் மன்னர் தலை, பறவை, சிப்பாய். 1973 ஜூன் 1 அன்று மன்னராட்சியையே ஒழித்துவிட்டதாக பாபடோபூலோஸ் அறிவித்தார். அதன்பின் அடித்த காசில் மன்னர் இல்லை, சிப்பாயும் இல்லை. பீனிக்ஸ் மட்டும் தனியாக நிற்கிறது. சுற்றி 'கிரேக்கக் குடியரசு' என்ற எழுத்து. மறுபக்கம் பழைய கிரேக்கத்தின் உருவங்கள்: 1, 2 டிராக்மாவில் ஆந்தை, 5, 10 டிராக்மாவில் சிறகு முளைத்த குதிரை பெகசஸ், 20 டிராக்மாவில் அதீனா தேவியின் தலை. ஆந்தைக் காசு மஞ்சளாக இருக்கும், குதிரைக் காசு வெள்ளையாக இருக்கும். கையில் எடுத்ததும் தெரிந்துவிடும்.

சிப்பாய் போய்விட்டாரே, நல்ல காலம் வந்துவிட்டது என்று காசைப் பார்த்தவர் நினைத்திருக்கலாம். அதே ஆண்டு நவம்பர் 17 அன்று, ஏதென்ஸ் பாலிடெக்னிக்கில் திரண்டிருந்த மாணவர்கள்மேல் ராணுவம் பாய்ந்தது. கல்லூரியின் இரும்புக் கதவை டாங்கி இடித்துத் தள்ளியது. காசிலிருந்து இறங்கிய சிப்பாய் தெருவில்தான் நின்றிருந்தார். 1973-ஐச் சேர்ப்பவர் இந்த இரண்டையும் சேர்த்தே வைக்க வேண்டும். ஒன்று மட்டும் இருந்தால் பாதிக் கதைதான்.

கே: மன்னரா, சிப்பாயா, கடைசியில் யார் ஜெயித்தார்கள்?
– தேநீர்க் கடைக்காரர், சாலவாக்கம்

ப: இருவரும் தோற்றார்கள். 1974 ஜூலையில் சைப்ரஸ் நாட்டில் கர்னல்களின் கூட்டம் ஆட்சிக் கவிழ்ப்பு நடத்த, துருக்கிப் படை அங்கே இறங்க, ஏதென்ஸில் ராணுவ ஆட்சி சரிந்தது. முன்னாள் பிரதமர் கரமன்லிஸ் நாடு திரும்பி மக்களாட்சியை மீட்டார். அதே ஆண்டு டிசம்பர் 8 அன்று நடந்த வாக்கெடுப்பில் மன்னரும் வேண்டாம் என்று மக்கள் தீர்ப்பளித்தார்கள். ஜெயித்தது வாக்குச் சீட்டு.

கே: அதற்குப் பிறகு காசில் யார் வந்தார்கள்?
– அரசுப் பள்ளி மாணவர், மானாம்பதி

ப: 1976 முதல் புதிய வரிசை. விடுதலைப் போரில் தீக்கப்பல் ஓட்டிய கனாரிஸ், படை நடத்திய கரைஸ்காகிஸ், பிறகு அரிஸ்டாட்டில், அணுவைப் பற்றிச் சிந்தித்த டெமாக்ரிடஸ், ஏதென்ஸ் மக்களாட்சியின் பெரிக்ளிஸ். நாட்டை விடுவித்த வீரருக்குக் காசில் இடம் கிடைத்தது. நாட்டைச் சிறைவைத்த வீரருக்குக் கிடைக்கவில்லை. வீரத்தில் இந்த வேறுபாட்டைப் படித்துக்கொள், தம்பி.

கே: இந்தக் கிரேக்கக் காசுகளை விற்றால் லட்சக்கணக்கில் கிடைக்குமா?
– பெயர் வேண்டாம், களியாம்பூண்டி

ப: கிடைக்காது. அன்றாடப் புழக்கத்துக்காக ஏராளமாக அடித்த காசுகள் அவை. சேகரிப்போருக்குச் சுலபமாகவே கிடைக்கும். தங்கள் 'ஏப்ரல் 21 புரட்சி'யைக் கொண்டாட 1970-ல் கர்னல்கள் வெளியிட்ட வெள்ளி, தங்க நாணயங்கள் வேறு வகை. அவற்றுக்கு உலோக மதிப்பும் உண்டு, தேடுவோரும் உண்டு. மற்றவை அறிவுச் செல்வம். விலைப்பட்டியலில் தேடாதீர்கள்.

கே: வங்கியில் கொடுத்து யூரோவாக மாற்றலாமா?
– ஓய்வு பெற்ற தபால்காரர், பெருநகர்

ப: காலம் கடந்துவிட்டது. ஒரு யூரோவுக்கு 340.75 டிராக்மா என்ற கணக்கில் 2002-ல் மாற்றினார்கள். காசுகளுக்கான கெடு 2004-லும் நோட்டுகளுக்கான கெடு 2012-லும் முடிந்தன. இன்று அவை செல்லாக்காசு. ஆனால் சரித்திரத்தில் செல்லும்.

கே: நாணயத்துக்கு இரண்டு பக்கம் என்கிறார்களே?
– ஆட்டோ ஓட்டுநர், உத்திரமேரூர்

ப: மூன்று. விளிம்பையும் எண்ணுங்கள். போலி அடிப்பவன் இரண்டு பக்கத்தையும் அக்கறையாகச் செய்வான், விளிம்பில் கோட்டை விடுவான். வார்ப்பு ஒட்டிய தழும்பு, கோணலான வரிகள், எடைக் குறைவு ஆகிய மூன்றும் போலியைக் காட்டிக்கொடுக்கும். காசு வாங்கும்போது முகத்துக்கு முன் விளிம்பைப் பாருங்கள்.

கே: கிரேக்கம் எங்கோ இருக்கிறது. தமிழருக்கும் ராணுவ ஆட்சிக் காசுக்கும் என்ன சம்பந்தம்? என் தாத்தா ரங்கூனிலிருந்து வந்தவர். அவர் பெட்டியில் பர்மிய நூறு கியாட் நோட்டுகள் ஒரு கட்டு இருக்கின்றன. அதனால் கேட்கிறேன்.
– மளிகைக் கடைக்காரர், சாலவாக்கம்

ப: உங்கள் கேள்வியிலேயே பதில் இருக்கிறது. அந்தக் கட்டுதான் சம்பந்தம்.

1962 மார்ச் 2 அன்று பர்மாவில் ஜெனரல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். அடுத்த இரண்டு ஆண்டுகளில் வங்கி, மில், மொத்த வியாபாரம், கடைசியில் தெருவோரச் சில்லறைக் கடை வரை அரசுடைமை ஆயின. ரங்கூனில் கடை வைத்திருந்த தமிழர், கணக்கெழுதிய தமிழர், துறைமுகத்தில் மூட்டை தூக்கிய தமிழர் எல்லோருக்கும் ஒரே அடி. 1964 மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். வியாபாரிகளின் சேமிப்பு பெரும்பாலும் பெரிய நோட்டுகளில்தான் இருந்தது. உழைத்துச் சேர்த்தது காகிதமானது. லட்சக்கணக்கானோர் கப்பலேறினார்கள். நகை, பணம், பொருள் எதையும் நினைத்தபடி கொண்டுவர முடியவில்லை. சென்னை கடற்கரை ரயில் நிலையத்துக்கு அருகே 1969-ல் உருவான பர்மா பஜார், அப்படி வெறுங்கையோடு திரும்பியவர்கள் பிழைப்பதற்காக எழுந்தது.

செல்லாது என்று தெரிந்தும் உங்கள் தாத்தா அந்தக் கட்டை ஏன் தூக்கி வந்தார் என்று வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். கப்பலின் பெயர், வந்த ஆண்டு, ரங்கூனில் கடை இருந்த தெரு ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கட்டோடு வையுங்கள். எழுதாமல் விட்டால் உங்கள் பேரனுக்கு அது வெறும் காகிதம்.

கே: பர்மாவில் 45 ரூபாய், 90 ரூபாய் நோட்டெல்லாம் இருந்ததாமே? சில்லறை எப்படிக் கொடுத்தார்கள்?
– பால் சொசைட்டி ஊழியர், களியாம்பூண்டி

ப: ரூபாய் அல்ல, கியாட். இருந்தது உண்மை. 1985-ல் பழைய பெரிய நோட்டுகளைச் செல்லாதாக்கி 75 கியாட் நோட்டு கொண்டுவந்தார்கள். நே வினின் 75-ஆவது வயதையொட்டி வந்த எண் அது என்று சொல்வார்கள். 1987 செப்டம்பர் 5 அன்று 25, 35, 75 கியாட் நோட்டுகளும் செல்லாமல் போயின. இந்த முறை மாற்றிக்கொள்ள வழியே தரவில்லை. புழக்கத்தில் இருந்த பணத்தில் பாதிக்கு மேல் ஒரே நாளில் மாண்டது. அந்த மாதமே வந்தவை 45-ம் 90-ம். இரண்டும் ஒன்பதால் வகுபடும், இலக்கங்களைக் கூட்டினாலும் ஒன்பது வரும். ஒன்பது தன் ராசி எண் என்று நே வின் நம்பியதாகச் சொல்வார்கள். ஒருவரின் ராசிக்காகப் பல லட்சம் குடும்பங்களின் அடுப்பு அணைந்தது. கல்விக் கட்டணம் கட்ட வைத்திருந்த பணத்தை இழந்த மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். அடுத்த ஆண்டு, 1988 ஆகஸ்ட் 8 அன்று, நாடே எழுந்தது.

கே: அந்த 90 கியாட் நோட்டில் இருப்பவர் யார்?
– அதே ஊழியர்

ப: அருமையான தொடர்கேள்வி. அவர் சாயா சான். 1930-ல் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக பர்மிய விவசாயிகளைத் திரட்டி, மறு ஆண்டே தூக்கிலிடப்பட்டவர். அந்தக் கிளர்ச்சிக்குப் பின்னால் நெல் விலை வீழ்ச்சியும் வரியும் கடனும் இருந்தன. கடன் கொடுத்தவர்களில் நம் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் முக்கியமானவர்கள். விலை விழுந்ததும் அடகு வைத்த நிலங்கள் கைமாறின. 1930-களின் இறுதியில் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் சுமார் கால் பங்கு நிலம் செட்டியார்கள் வசம் இருந்தது. அவர்கள் நிலம் கேட்டுப் போகவில்லை, வட்டிக்குக் கொடுத்த பணத்துக்கு ஈடாக நிலம் வந்து சேர்ந்தது. இழந்த விவசாயிக்கோ இரண்டும் ஒன்றுதான். தமிழர் இழந்த கதையை அந்த நூறு கியாட் கட்டு சொல்கிறது. தமிழரிடம் இழந்தவர்களின் கதையை இந்த 90 கியாட் நோட்டு சொல்கிறது. நேர்மையான சேகரிப்பாளர் இரண்டையும் ஒரே ஆல்பத்தில் வைப்பார்.

கே: பர்மியக் காசில் இருந்த ஆங் சான் ஏன் காணாமல் போனார்?
– வங்கி ஊழியர், காஞ்சிபுரம்

ப: பெற்ற மகளால். விடுதலை வீரர் ஆங் சானின் முகத்தை 1966-ல் வந்த அலுமினியக் காசுகளில் நே வின் ஆட்சியே போட்டது. 1988-ல் அவர் மகள் ஆங் சான் சூச்சி மக்கள் தலைவராக எழுந்தார். அப்பா முகத்தைப் பார்த்தால் மகள் நினைவு வருமே! 1990-களில் வந்த புதிய நோட்டுகளில் அவர் இடத்தில் சிங்கம் உட்கார்ந்தது. 2020 ஜனவரியில் 1000 கியாட் நோட்டில் ஆங் சான் திரும்பினார். 2021 பிப்ரவரி 1 அன்று பட்டாளமும் திரும்பியது.

கே: என் அப்பா மலாயாவிலிருந்து கொண்டுவந்த நோட்டில் வாழைமரம் போட்டிருக்கிறது. விளையாட்டு நோட்டா?
– மூத்த வாசகி, திருப்புலிவனம்

ப: விளையாட்டு இல்லையம்மா, வேதனை. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்த பின் மலாயாவை ஆண்ட ஜப்பானிய ராணுவம் வெளியிட்ட பத்து டாலர் நோட்டு அது. வாழைமர நோட்டு என்றே மக்கள் அழைத்தார்கள். கையில் எடுத்து எண்ணைத் தேடிப் பாருங்கள். நம் ரூபாய் நோட்டில் இருப்பது போன்ற வரிசை எண் பலவற்றில் இருக்காது, எம் என்று தொடங்கும் ஆங்கில எழுத்துகள் மட்டும் இருக்கும். எம் என்றால் மலாயா. பர்மாவுக்கு அடித்தவற்றில் பி. எண் இல்லாத நோட்டு என்றால் எத்தனை அடித்தோம் என்ற கணக்கே இல்லாத நோட்டு. அடித்துக்கொண்டே போனார்கள், அரிசி விலை ஏறிக்கொண்டே போனது. 1945-ல் ஜப்பான் சரணடைந்ததும் மொத்தமும் குப்பை.

தோட்டங்களிலிருந்து தமிழர்களைக் கூட்டம் கூட்டமாக சயாம்–பர்மா ரயில் பாதை போட அழைத்துச் சென்று காட்டில் பலிகொடுத்த அதே ஆட்சியின் பணம் இது. பெரிய விலை போகாது. ஆனால் உங்கள் அப்பா அந்த ஆண்டுகளைக் கடந்து உயிரோடு ஊர் வந்தார் என்பதற்கு இது சாட்சி. விற்காதீர்கள் அம்மா.

கே: ராணுவ ஆட்சிக் காசுகளிலேயே பெரிய பொய் எது?
– கல்லூரி மாணவி, உத்திரமேரூர்

ப: என் தேர்வு, சிலி நாட்டின் பத்து பெசோ. சிறகு முளைத்த பெண் ஒருத்தி கைச்சங்கிலியை அறுத்து எறிகிறாள். பக்கத்தில் 'விடுதலை' என்ற சொல்லும், 11-9-1973 என்ற தேதியும். மக்கள் தேர்ந்தெடுத்த அதிபர் அயெண்டேயை ஜெனரல் பினோசே கவிழ்த்த நாள் அது. ஆயிரக்கணக்கானோரைச் சிறையில் தள்ளிய ஆட்சி, சங்கிலி அறுபடும் படத்தைச் சாதாரண மனிதனின் சட்டைப் பைக்குள் போட்டது. 1990-ல் மக்களாட்சி திரும்பிய பின் அந்தப் பெண்ணை எடுத்துவிட்டு விடுதலை வீரர் ஓ'ஹிக்கின்ஸைப் போட்டார்கள்.

கே: நம் நாட்டில் நெருக்கடி நிலைக் காலத்தில் வந்த காசுகளும் இந்த வகையில் சேருமா?
– வழக்கறிஞர், செங்கல்பட்டு

ப: சேராது, ஆனால் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 1975 ஜூன் 25 முதல் 1977 மார்ச் 21 வரை இருந்தது ராணுவ ஆட்சி அல்ல, அரசியல் சட்டத்தின் பிரிவைக் கொண்டே உரிமைகளை முடக்கிய ஆட்சி. தமிழ்நாட்டில் 1976 ஜனவரி 31 அன்று மாநில அரசையும் கலைத்தார்கள். அந்தக் காலத்து நினைவு நாணயங்களில் 1976-ல் 'அனைவருக்கும் உணவும் வேலையும்', 1977-ல் 'வளர்ச்சிக்குச் சேமிப்பு' என்ற பொருளில் வாசகங்கள் உண்டு. ஐ.நா. உணவு, வேளாண் அமைப்பின் திட்டத்தையொட்டி வந்தவை. ஆளும் தலைவரின் முகம் காசில் ஏறவில்லை. நேரு முகம் வந்தது 1964-ல் அவர் மறைந்த பிறகு, இந்திரா முகம் வந்ததும் அவர் மறைந்த பிறகே. உயிரோடு இருக்கும் தலைவரைக் காசில் ஏற்றாத இந்த வழக்கத்தை நாம் கண்ணும் கருத்துமாகக் காக்க வேண்டும்.

கே: சர்வாதிகாரி அடித்த காசைச் சேர்ப்பது அவனைக் கொண்டாடுவது ஆகாதா?
– தமிழாசிரியை, மதுராந்தகம்

ப: எப்படிச் சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்தது. சட்டம் போட்டு மாலையிட்டுச் சுவரில் மாட்டினால் கொண்டாட்டம். நடந்ததை எழுதி ஆல்பத்தில் வைத்தால் வாக்குமூலம். அவர்கள் எழுதிய செய்தித்தாளை எரித்துவிடலாம், வானொலிப் பேச்சு காற்றோடு போய்விடும். காசு மட்டும் கிடக்கும். எதை மக்கள் நம்ப வேண்டும் என்று ஆசைப்பட்டார்கள் என்பதை அவர்கள் கையாலேயே செய்து கொடுத்திருக்கிறார்கள். அழித்தால் அவர்களுக்குத்தான் லாபம். கூடவே, காசில் இல்லாதவர்களின் பெயரையும் எழுதுங்கள். ஏதென்ஸ் பாலிடெக்னிக் மாணவர்கள், 1988-ல் ரங்கூன் தெருவில் விழுந்தவர்கள், ரயில் பாதையில் மாண்ட தோட்டத் தமிழர்கள். அவர்கள் இல்லாமல் அந்த ஆல்பம் முழுமையாகாது.

கே: உத்திரமேரூரில் உட்கார்ந்துகொண்டு ராணுவ ஆட்சிக் காசைப் பற்றிப் பேசுகிறீர்களே, நம் ஊருக்கு இதில் சொல்ல ஏதாவது இருக்கிறதா?
– நெசவாளர், உத்திரமேரூர்

ப: நிறைய இருக்கிறது. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரைப் பாருங்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டிய, ஊர்ச் சபைக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் முறையைச் சொல்லும் கல்வெட்டுகள். ஊரில் முப்பது குடும்புகள், அதாவது வட்டங்கள். ஒவ்வொன்றிலும் தகுதியானவர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, விவரம் அறியாத சிறுவனை விட்டு எடுக்கச் செய்தார்கள். பதவிக் காலம் 360 நாள். பதவியில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவனுக்கு மறுபடி இடம் இல்லை. அவனுக்கு மட்டுமா? நெருங்கிய உறவினர்களுக்கும் இல்லை.

நாணயம் சேர்ப்பவர் நின்று படிக்க வேண்டிய வரி ஒன்று அதில் இருக்கிறது. ஏரி வாரியம், தோட்ட வாரியம் போலப் பொன் வாரியமும் உண்டு. ஆறு பேர். அவர்களும் குடவோலையில் வந்தவர்களே. பொன்னைப் பார்க்கும் பொறுப்பில் இருப்பவரும் ஆண்டு முடிந்ததும் இறங்க வேண்டும், கணக்குக் கொடுக்க வேண்டும் என்று ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் கல்லில் வெட்டினார்கள். எண் போடாமல் வாழைமர நோட்டு அடித்தவனுக்கும் ராசிக்கு நோட்டு அடித்தவனுக்கும் இந்தச் சுவர் பதில் சொல்கிறது.

ஒன்றை மறைக்கக் கூடாது. அந்தச் சபை எல்லோருக்குமானது அல்ல. கால் வேலி நிலம், சொந்த மனையில் வீடு, வேதக் கல்வி, 35 முதல் 70 வரை வயது என்று வேலி போட்டார்கள். பெண்ணுக்கும் உழுதவனுக்கும் அங்கே ஓலை இல்லை. அந்த ஓலை நமக்குக் கிடைத்தது 1950-ல் வந்த அரசியல் சட்டத்தால். கல்வெட்டைப் பெருமையோடு படியுங்கள், விடுபட்டவர்களையும் சேர்த்துப் படியுங்கள்.

கே: பழைய கிரேக்கர் காசு தமிழ்நாட்டில் கிடைத்திருக்கிறதா?
– வரலாற்று மாணவர், காஞ்சிபுரம்

ப: கரூரில், அமராவதி ஆற்று மணலில் கிடைத்திருக்கிறது. ரோட்ஸ், கிரீட், திரேஸ் பகுதிக் காசுகளை ஆராய்ந்து தனி நூலாகவே எழுதியவர் தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி. சங்க காலப் பாண்டியன் பெருவழுதியின் பெயர் பொறித்த காசை அடையாளம் கண்டவரும் அவரே. நம் மிளகுக்கு வந்த காசுகளை நம் ஆறு இரண்டாயிரம் ஆண்டு காத்துக் கொடுத்திருக்கிறது.

கே: வயலில் உழும்போது பானையோடு காசு கிடைத்தால்?
– விவசாயி, மானாம்பதி

ப: மூடி மறைக்காதீர்கள், பங்கு போடாதீர்கள். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடமோ தாலுகா ஆபீசிலோ சொல்லுங்கள். நூறு ஆண்டு கடந்த காசு தொல்பொருள், அதை வெளிநாட்டுக்கு அனுப்புவது குற்றம். எந்த மண்ணில், எவ்வளவு ஆழத்தில், எதோடு கிடந்தது என்ற விவரம் காசைவிடப் பெரிய செல்வம். பானையைக் கவிழ்த்த மறுகணம் அந்த விவரம் போய்விடும்.

கே: டிராக்டர் படம் போட்ட ஐந்து ரூபாய் நோட்டுக்கு லட்சக்கணக்கில் தருகிறோம் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே?
– இல்லத்தரசி, பெருநகர்

ப: தருகிறேன் என்பவர் முதலில் உங்களிடம் 'பதிவுக் கட்டணம்' கேட்பார். அதுதான் வியாபாரம். பழைய நோட்டு, காசு வாங்க விற்கத் தன் பெயரைச் சொல்லிக் கட்டணம் கேட்பவர்களை நம்ப வேண்டாம் என்று ரிசர்வ் வங்கியே 2021-ல் எச்சரித்தது. ஓடிபி கேட்டால் போனை வையுங்கள்.

கே: கறுத்த காசைப் புளி போட்டுத் தேய்த்தால் பளபளக்குமே?
– சமையற்காரர், உத்திரமேரூர்

ப: குத்துவிளக்குக்குப் புளி, காசுக்குத் தண்ணீர்கூட யோசித்துத்தான். நூறு ஆண்டுகளில் படிந்த மெல்லிய படலமே காசின் கவசம். புளி, சாம்பல், எலுமிச்சை எல்லாம் அந்தப் படலத்தோடு எழுத்தையும் கொண்டுபோய்விடும். பளபளப்பு ஒரு வாரம் இருக்கும், நஷ்டம் என்றைக்கும்.

கே: எப்படிப் பாதுகாப்பது?
– அதே கல்லூரி மாணவர், உத்திரமேரூர்

ப: விளிம்பைப் பிடித்துத் தூக்குங்கள், முகத்தில் விரல் படக் கூடாது. மெத்தென்ற பிவிசி உறை வேண்டாம், நாளடைவில் பச்சைப் பிசின் படியும். தனித்தனிக் காகித உறை அல்லது அட்டை ஹோல்டர் போதும். பெட்டிக்குள் சிலிகா ஜெல் பொட்டலம் ஒன்று. நோட்டாக இருந்தால் செல்லோடேப் ஒட்டாதீர்கள், லேமினேஷன் செய்யவே செய்யாதீர்கள்.

கே: எனக்குக் காசு வாங்கக் காசு இல்லை. எப்படித் தொடங்குவது?
– ஏழாம் வகுப்பு மாணவி, சாலவாக்கம்

ப: அம்மாவின் சுருக்குப் பையிலிருந்து தொடங்கு. ரூபாய்க் காசில் ஆண்டுக்குக் கீழே பார். வைரம் போல இருந்தால் மும்பை, நட்சத்திரம் என்றால் ஹைதராபாத், புள்ளி என்றால் நொய்டா, ஒன்றுமே இல்லை என்றால் கொல்கத்தா. நான்கு ஊர்க் காசும் சேர்ந்ததும் ஒரு லீவு நாளில் எழும்பூர் அருங்காட்சியகத்தின் நாணயப் பிரிவைப் பார்த்துவிட்டு வா. கண் பழகிய பிறகு காசு தானாகக் கண்ணில் படும்.

கே: வாசகர்களிடம் ஒன்று கேட்கலாம் என்றால் என்ன கேட்பீர்கள்?
– நூலகர், உத்திரமேரூர்

ப: ரங்கூன், மலாயா, சிங்கப்பூர், கொழும்பு என்று போய்த் திரும்பியவர்கள் இந்த மாவட்டத்தில் பல வீடுகளில் இருந்தார்கள். அவர்களைத் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இந்த வாரமே டிரங்குப் பெட்டியைத் திறந்து, அதில் இருக்கும் செல்லாத காசு, நோட்டு ஒவ்வொன்றையும் ஓர் உறையில் போடுங்கள். யார் கொண்டுவந்தார், எப்போது, எந்த ஆட்சிக்குத் தப்பி என்று உறையின்மேல் எழுதுங்கள். எடைக்குப் போட்டுவிடாதீர்கள். சொல்லத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.